முதல் பிஸ்டலைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி? கடற்காற்றுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் அடகுக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன கார்த்திகையில் என் வீட்டுக்கு வந்தார். உரிமம் கிடைத்து, பாயின்ட் 32 அளவுத் தோட்டா போடும் பிஸ்டல் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. உறையோடு என் முன்னால் வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு ரவுண்டுகூட இன்னும் சுடலை. அதுக்குள்ள இப்படி ஆயிருக்கு பாருங்க" என்றார். ஸ்லைடின், அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பகுதியின், இடது பக்கத்தில், தோல் உறை ஒட்டியிருந்த இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் செங்காவி நிறத்தில் துரு. தோட்டாக்களை அடுக்கி உள்ளே செருகும் மேகசீனின் அடித்தட்டிலும் அதே. சுடாத துப்பாக்கிக்குச் சுத்தம் எதற்கு என்று அவர் நினைத்திருந்தார். முதல் துப்பாக்கி வாங்குகிற பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் பட்டாளத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலையில் இருந்தவன். ராஜஸ்தான் மணலிலும் அசாம் ஈரத்திலும் ஆயுதங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காசிமேட்டில் குடிவந்த பிறகுதான் உப்புக்காற்று என்றால் என்னவென்று புரிந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் வீட்டுக் கிரில்லைப் பாருங்கள். போன பொங்கலுக்கு அடித்த பெயின்ட் அடுத்த பொங்கலுக்கு உரிந்து நிற்கும். காற்றில் வரும் உப்புத்துகள் இரும்பின் மேல் உட்காருகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் இரவு நேர ஈரப்பதம் வருஷத்தில் பல மாதம் அதற்கு மேல்தான். அதனால் பீரோவுக்குள் சும்மா கிடக்கும் துப்பாக்கிமேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம் தினமும் வந்து போகிறது. எத்தனை ரவுண்டு சுட்டோம் என்று எண்ணிச் சுத்தம் செய்வது வறண்ட ஊர்க்காரர்களுக்குச் சரி. வடசென்னையில் நாள்காட்டியைப் பார்த்துத்தான் செய்யவேண்டும்.

நம் நாட்டில் சாதாரணக் குடிமக்களுக்கு 9 மி.மீ. கிடைப்பதில்லை என்பதால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பாயின்ட் 32 ஆகத்தான் இருக்கும். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். மாடலுக்கு மாடல் கழற்றும் முறை மாறும். உங்கள் பிஸ்டலோடு வந்த கையேடு ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால், கையேட்டைக் கேளுங்கள். கையேடு இல்லாவிட்டால், வாங்கிய டீலரிடம் போய் ஒருமுறை உங்கள் கண் முன்னால் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

வாங்கவேண்டியவை

பாயின்ட் 32-க்கு உரிய சுத்தம் செய்யும் கம்பி ஒன்று, அதன் நுனியில் மாட்டும் வெண்கல பிரஷ் ஒன்று, துணி கோக்கும் காதுள்ள முனை ஒன்று. இவை துப்பாக்கி டீலரிடம்தான் கிடைக்கும். இதைவிடப் பெரிய துளையுள்ள துப்பாக்கிக்கான பிரஷ்ஷைத் திணித்து ஓட்டாதீர்கள். பிறகு, துப்பாக்கிக்கென்றே விற்கும் கரி நீக்கும் திரவமும், துரு தடுக்கும் துப்பாக்கி எண்ணெயும் வேண்டும்.

மிச்சமெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பழைய வெள்ளை வேட்டியைவிட நல்ல துணி கிடையாது. பலமுறை துவைத்த பருத்தி, நூல் உதிராது, அழுக்கு போனதா இல்லையா என்று வெள்ளையில் பளிச்சென்று தெரியும். இரண்டு அங்குலச் சதுரங்களாக ஒரு ஐம்பது வெட்டி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டாளத்தில் இதைச் சிந்தி என்போம். பழைய டூத்பிரஷ் இரண்டு, மரப் பல்குச்சி, ஒரு ஓரம் உயர்ந்த தட்டு, மெடிக்கலில் விற்கும் நைட்ரைல் கையுறை, கண்ணாடி. கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் கூடாது. நாளாக நாளாகப் பிசினாகிக் கரியையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் மெல்லிசாக இருப்பதால் வழிந்து போய்விடும், உப்புக்காற்றைத் தாங்காது. மண்ணெண்ணெய் கரியைக் கரைக்கும், ஆனால் இரும்பை வெறுமையாக விட்டுவிட்டுப் போய்விடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கு உருவான பொருள். அந்த வேலைக்கு நல்லது. நீண்ட நாள் காப்புக்கோ ஸ்லைடு ஓடுவதற்கோ அதை நம்பாதீர்கள். பெட்ரோல், தின்னர் இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். தீப்பிடிக்கும், பிளாஸ்டிக் பிடியையும் அரிக்கும்.

காலி செய்வது

இதை அவசரமில்லாமல் படியுங்கள். சுத்தம் செய்யும்போது வெடித்தது என்று செய்தியில் வருகிற விபத்துகள் இந்த ஒரு கட்டத்தில்தான் பிறக்கின்றன.

வீட்டில் குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும், அல்லது தூங்கிவிட்ட நேரமாகப் பாருங்கள். கதவைத் தாழிடுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். நம் பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டியவை. நாலரை அங்குலச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால் சுவரை நோக்கிப் பிடிப்பது பாதுகாப்பு ஆகாது. நான் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றில் காய்ந்த மணலை விளிம்பு வரை நிரப்பி மூலையில் வைத்திருக்கிறேன். காலி செய்வதும் டிரிகரைச் சோதிப்பதும் அந்த மணலை நோக்கித்தான். செலவு ஒன்றும் பெரிதில்லை, எல்லோரும் செய்யலாம்.

விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, சட்டத்தின் (பிடியோடு சேர்ந்த உடல்பகுதி) மேல் நீட்டி இருக்கட்டும். முனை மணலை நோக்கட்டும். முதலில் மேகசீனைக் கழற்றித் தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை இழுக்கவேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசீன் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், இருந்த தோட்டா வெளியே விழும். பார்த்துக்கொண்டிருப்பவர் "வெளியே வந்துவிட்டது" என்று நிம்மதி அடைவார். ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசீனிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறியிருக்கும். பிறகு மேகசீனைக் கழற்றினாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும்.

மேகசீனைக் கழற்றிய பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று முறை முழுதாக இழுங்கள். பின்னால் இழுத்துப் பிடித்து, வெளிச்சத்தில் சேம்பரைக் கண்ணால் பாருங்கள். சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டும் பாருங்கள். கண் ஏமாறலாம், விரல் ஏமாறாது. ஒரு நிமிடம் வேறு பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை சோதியுங்கள். தோட்டாக்களை எண்ணி, டப்பாவில் போட்டு, அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். சுத்தம் செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

கழற்றுவது

தட்டின் மேல் வேட்டித்துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், திரவத்தின் வாடை தலைவலி தரும். கழற்றக் கழற்ற, பாகங்களை இடமிருந்து வலமாக வரிசையாக வையுங்கள். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் குழப்பமே வராது.

பாயின்ட் 32 தோட்டாவை ஜான் பிரௌனிங் 1899-ல் வடிவமைத்தார். அழுத்தம் குறைந்த தோட்டா. அதனால் பெரும்பாலான பாயின்ட் 32 பிஸ்டல்களில் பேரல் (குழல்) சட்டத்தோடு நிலையாக இருக்கும். ஸ்லைடும் பேரலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்படுவதில்லை. ஸ்லைடின் எடையும், ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கின் பலமும் சேர்ந்துதான் தோட்டா வெடிக்கும் கணத்தில் பின்பக்கத்தை மூடி வைக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, அந்த ஸ்பிரிங் கெட்டியானது, கழற்றும்போது எகிறிக் கண்ணில் அடிக்கும். கண்ணாடி போடச் சொன்னது அதற்குத்தான். ஸ்லைடை எடுக்கும்போது ஸ்பிரிங்கின் முனையை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். இரண்டு, ஷெல் (சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு) பின்னால் நகரும்போது கொஞ்சம் புகையும் கூடவே பின்னால் வரும். அதனால் ஸ்லைடின் உட்பக்கத்திலும் சேம்பர் வாயிலும்தான் கரி அதிகமாகச் சேரும்.

ஸ்லைடு, ஸ்பிரிங், சில மாடல்களில் பேரல், பிறகு மேகசீன். இவ்வளவுதான் உரிமையாளர் கழற்றவேண்டியது. ஸ்குரூ டிரைவரும் சுத்தியலும் தேவைப்பட்டால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். டிரிகர், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹேமர், தற்செயலாக வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி இருக்கும் உள்பகுதியைத் தொடாதீர்கள். பழுதுபார்ப்பதற்கு உரிமம் வேண்டும் என்று 1959-ம் வருட ஆயுதச் சட்டமே சொல்கிறது. ஒரு பாகம் உடைந்தால் உரிமம் உள்ள டீலரிடம்தான் போகவேண்டும். தெருமுனை லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொடுத்தால் அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு.

சில மாடல்களில் கழற்றுவதற்கு முன்னால் டிரிகரை அழுத்தவேண்டியிருக்கும். உங்களுடையது அப்படி என்றால், சேம்பரை மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, மணல் வாளியை நோக்கி அழுத்துங்கள்.

பேரல்

கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரில் ஈயம் கலந்த மருந்து இருப்பது வழக்கம். சுட்ட பிறகு படியும் கரியில் அந்த ஈயமும் இருக்கும். சுத்தம் செய்யும்போது டீ, முறுக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கவேண்டும். அழுக்குத் துணிகளைப் பழைய பேப்பரில் சுற்றித் தனியாகப் போடுங்கள்.

துணிச் சதுரத்தைத் திரவத்தில் நனைத்து, சேம்பர் பக்கமிருந்து முனையை நோக்கித் தள்ளுங்கள். முனையிலிருந்து உள்ளே குத்தினால் கம்பி உரசி, வாயின் விளிம்பு தேயும். குண்டு பேரலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அந்த விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் குறி தவறும். பேரல் சட்டத்தோடு நிலையாக இருக்கும் மாடலில் பின்பக்கமிருந்து கம்பி நேராகப் போகாது. அப்படியானால் முனைவழியாகத்தான் போகவேண்டும். கம்பியை விரலால் நடுவாகப் பிடித்து, விளிம்பில் படாமல் மெதுவாக ஓட்டுங்கள். கயிறுபோல் இழுக்கும் புல்த்ரூ கிடைத்தால் இந்த வகைக்கு அதுவே சிறந்தது.

நனைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். கரி ஊறட்டும். பிறகு வெண்கல பிரஷ். ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் முழுதாக வெளியே வரவேண்டும், அப்புறம்தான் திருப்பி இழுக்கவேண்டும். நடுவில் திருப்பினால் கம்பிமுடிகள் வளைந்து பிரஷ் வீணாகும். சுட்டிருந்தால் பத்துப் பன்னிரண்டு தடவை. சுடவில்லை என்றால் பிரஷ்ஷே வேண்டாம், எண்ணெய்த் துணி மட்டும் போதும்.

பிறகு காய்ந்த துணி. முதல் துணி கறுப்பாக வரும், இரண்டாவது சாம்பல் நிறம், நாலாவது ஐந்தாவது ஏறக்குறைய வெள்ளை. துணியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் அது செம்பு. குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம், உங்கள் வெண்கல பிரஷ்ஷிலிருந்து கரைந்ததாகவும் இருக்கலாம். அதைக் கண்டு பயந்து மறுபடி மறுபடி தேய்க்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் வந்தால் அது துரு. அன்றைக்கே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மறுபடியும் பாருங்கள். பேரலை ட்யூப்லைட்டை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், முறுக்குக் கோடுகள் கூர்மையாக, கண்ணாடிபோல் மின்னவேண்டும். கருமணல் தூவியதுபோல் சிறு குழிகள் தெரிந்தால் டீலரிடம் காட்டுங்கள். பிரஷ்ஷால் குழியை நிரப்ப முடியாது.

ஸ்லைடு, சட்டம், ஸ்பிரிங்

ஸ்லைடின் உள்ளே, தோட்டாவின் அடி வந்து மோதும் தட்டையான முகம் இருக்கிறது. அதன் நடுவில், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் எட்டிப் பார்க்கும் சிறு துளை, பக்கத்தில் ஷெல்லைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி. இந்த மூன்று இடங்களும் சுத்தமாக இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. ஸ்லைடை முகம் கீழே பார்க்கப் பிடித்து டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். அப்போதுதான் அழுக்கும் திரவமும் துளைக்குள் இறங்காமல் கீழே சொட்டும். கொக்கியின் அடியில் பல்குச்சியால் சுரண்டினால் கெட்டியான கரித்துண்டு வரும்.

அந்த ஃபயரிங் பின் துளைக்குள் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் போனால் கரியோடு சேர்ந்து களிம்பாகி, பின்னின் ஓட்டத்தைத் தடுக்கும். டிரிகரை அழுத்தும்போது தோட்டா வெடிக்காமல் போகும். இன்னும் மோசமான நிலைமை, பின் முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொள்வது. அப்படி இருக்கும்போது ஸ்லைடு மூடினால் டிரிகரைத் தொடாமலேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்த இடம் எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும்.

சட்டத்தில் ஸ்லைடு ஓடும் தடங்களைத் துணி சுற்றிய பல்குச்சியால் துடையுங்கள். காது பஞ்சுக்குச்சி பஞ்சை விட்டுவிட்டுப் போகும், அதைத் தவிர்க்கலாம். மேகசீன் குழியின் மேலே, தோட்டா ஏறிப்போகும் சரிவான பாதையைத் துடைத்து உலர்வாக விடுங்கள். ஸ்பிரிங்கைத் துணியால் துடைத்து, வளைவோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மேகசீன்

புதியவர்கள் துப்பாக்கியைப் பளபளவென்று ஆக்கிவிட்டு மேகசீனை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் சிக்கும்போது நான் முதலில் பார்ப்பது மேகசீனைத்தான். அடித்தட்டைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றுங்கள். அங்கேயும் ஸ்பிரிங் எகிறும், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நகர்த்துங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனியுங்கள், தலைகீழாக மாட்டினால் தோட்டா ஏறாது. உள்ளே காய்ந்த துணியை ஓட்டுங்கள். எண்ணெய் பட்ட துணியால் லேசாகத் துடைத்து, அதன்மேல் காய்ந்த துணியால் மறுபடியும் துடைத்துவிடுங்கள். மேகசீனில் எண்ணெய் மிச்சம் இருந்தால் அது தோட்டாவின் பிரைமருக்குள் கசியும். பிரைமர் ஊறிவிட்டால் அந்தத் தோட்டா வெடிக்கும் என்று நம்ப முடியாது.

மேல்விளிம்பு இரண்டும் ஒரே உயரத்தில், வளையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே விழுந்த மேகசீனில் இதுதான் முதலில் கோணும். குறடால் நிமிர்த்தாதீர்கள், வேறு வாங்குங்கள். இரண்டு மேகசீன் இருந்தால் அடியில் 1, 2 என்று எழுதி வையுங்கள். எது சிக்குகிறது என்று கண்டுபிடிப்பது சுலபமாகும்.

எண்ணெய், மாட்டுவது, சோதிப்பது

எங்கே எண்ணெய் வேண்டும் என்று துப்பாக்கியே காட்டும். கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாக மின்னும் இடங்கள்தான் உரசும் இடங்கள். தடங்களில் பக்கத்துக்கு இரண்டு சொட்டு, பேரலின் வெளிப்புறத்தில் ஸ்லைடு உரசும் இடத்தில் ஒரு சொட்டு. விரலால் பரப்பிவிடுங்கள். வழிந்தால் அதிகம். பேரலுக்குள் எண்ணெய்த் துணி ஒருமுறை. சுடப்போகும் அன்று காலையில் காய்ந்த துணியை ஓட்டி அந்த எண்ணெயை எடுத்துவிடவேண்டும்.

மாட்டிய பிறகு, காலி மேகசீனோடு மணலை நோக்கிச் சோதியுங்கள். ஸ்லைடை இழுத்துவிட்டால் முட்டாமல் ஓடி முழுதாக மூடவேண்டும் (காலி மேகசீன் இருந்தால் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிடும் மாடல் என்றால், இதை மட்டும் மேகசீன் இல்லாமல் பாருங்கள்). சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தினால் ஹேமர் விழக் கூடாது. சேஃப்டியை எடுத்து அழுத்தினால் விழவேண்டும். டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்துவிட்டு, டிரிகரை மெதுவாக விட்டால் 'டிக்' என்று திரும்பி ஏறுவது விரலுக்குத் தெரியவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தோட்டா போடாதீர்கள், டீலரிடம் போங்கள். ஸ்னாப் கேப் எனப்படும் போலித்தோட்டா வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கு நல்லது. பாயின்ட் 22 வைத்திருக்கும் விளையாட்டு வீரர்கள் அது இல்லாமல் வெற்றாக டிரிகரை அழுத்தவேண்டாம், சில மாடல்களில் பின் சேம்பர் விளிம்பில் மோதும்.

சரியாக வேலை செய்கிறதா என்று மொட்டைமாடியில் ஒரு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாமா என்று என்னிடம் மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. மேலே போன குண்டு எங்கேயாவது கீழே வந்தாகவேண்டும். பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கவனமில்லாமல் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சுட்டுப் பார்க்கும் இடம் அனுமதி பெற்ற ரேஞ்ச் மட்டுமே.

கடைசியாக, எண்ணெய்த் துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடையுங்கள். இதற்குப் பிறகு வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தொட்ட இடத்தை மறுபடியும் துடைக்கவேண்டும். வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் கடையில் உட்கார்ந்து ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தால், ஒரு வாரத்தில் விரல் ரேகை அப்படியே துருவாகத் தெரியும். எனக்கே நடந்திருக்கிறது.

வைக்கும் இடம்

தோல் உறை அழகாக இருக்கும். தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும்தான் அது. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும், பதனிடும்போது சேர்ந்த உப்பும் அதில் இருக்கும். அடகுக்கடைத் தம்பியின் துரு வந்தது அங்கிருந்துதான். ஸ்பாஞ்சு வைத்த பெட்டியும், இறுக்கி மூடிய பிளாஸ்டிக் கவரும் அதே வேலையைத்தான் செய்யும். எண்ணெய் தடவிய வேட்டித்துணியில் தளர்வாகச் சுற்றி, பூட்டுள்ள இரும்புப் பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஓதம் இழுக்கும், உள்சுவர்ப் பக்கம் நல்லது. சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைப் போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் போடலாம். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். சாவி உங்கள் இடுப்பில்.

ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் சந்தனத்தைக் குழைத்து ஸ்லைடில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் நறுக்கி வைத்து இரவு முழுக்க விட்ட பிஸ்டல்களைப் பார்த்திருக்கிறேன். ஈரச் சந்தனத்தின் அடியில் பூச்சு வெளுத்து, பொட்டு வைத்த வட்டத்திலேயே துரு பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் இன்னும் மோசம். பூஜை முடிந்ததும் ஐப்பசி மழை வேறு தொடங்கிவிடும். காலி செய்த துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியின் மேல் பொட்டு வையுங்கள். இப்போது என் வீட்டில் அப்படித்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சுட்டால் அன்று ராத்திரியே முழுச் சுத்தம், மறுநாள் என்று தள்ளிப்போட வேண்டாம். சுடாவிட்டாலும் ஐப்பசி முதல் தை வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை, எடுத்துத் துடைத்து எண்ணெய் போடவேண்டும். கடலிலிருந்து உள்ளே தள்ளி, பெரம்பூர், மாதவரம் பக்கம் இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போதும். ஒரு சின்ன நோட்டில் தேதி, சுட்ட ரவுண்டு, பார்த்த குறை மூன்றையும் எழுதுங்கள்.

துரு வந்துவிட்டால், தண்ணீரில் முங்கிவிட்டால்

மேலோட்டமான துருவுக்கு உப்புத்தாளையோ பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரையோ எடுக்காதீர்கள். எண்ணெய் தாராளமாக விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, முரட்டுத் துணியால் வட்டமாகத் தேயுங்கள். போகாவிட்டால் நாலு பூஜ்யம் போட்ட மிக நைசான ஸ்டீல் உல்லை எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்கலாம். அடகுக்கடைத் தம்பியுடையது இரண்டு நாளில் போய்விட்டது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அதற்கு மேல் தேய்த்தால் பூச்சு போய்விடும் என்று நிறுத்திவிட்டோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, என் பிஸ்டல் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. அரிசி மூட்டையையும் அம்மாவின் மருந்தையும் காப்பாற்றப் போய், அதை மறந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம்தான் எடுத்தேன். அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் காலி செய்து கழற்றினேன். நல்ல தண்ணீரில் முழுக்க அலசினேன். ஈரப்பட்ட இரும்பை மறுபடியும் தண்ணீரில் அலசுவதா என்று தோன்றும். வெள்ளத்தண்ணீரில் சேறும் சாக்கடையும் உப்பும் இருக்கும், அவை உள்ளே காய்ந்தால் தண்ணீரைவிட மோசம். எண்ணூர் முகத்துவாரத்தில் அந்த வாரம் எண்ணெய்க் கழிவும் கலந்திருந்தது. அந்தப் பக்கம் உள்ளவர்கள் அலசுவதற்கு முன்னால் கரி நீக்கும் திரவத்தால் துடைக்கவேண்டியிருந்தது. அலசி உதறி, துடைத்து, டபிள்யூடி-40 அடித்து, மறுபடி துடைத்து வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தேன். அதன் பிறகு எண்ணெய். அந்த வாரமே டீலரிடம் கொடுத்து உள்பாகங்களை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்தேன். நனைந்த தோட்டாக்களைத் தனியாக வைத்து, எண்ணிக்கையோடு டீலரிடமே கேட்டு ஒப்படைத்தேன். அவற்றைக் குப்பையில் போடவும் கூடாது, காயவைத்துச் சுடவும் கூடாது.

தேர்தல் நேரத்தில்

தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும். சில வாரங்கள், சில சமயம் இரண்டு மாதத்துக்கும் மேல், அது உங்கள் கையில் இருக்காது. நடுவில் போய் எண்ணெய் போட முடியாது. அதனால் கொடுப்பதற்கு முந்தின நாள் முழுச் சுத்தம் செய்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக எண்ணெய் பூசி, பேரலுக்குள்ளும் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். தோல் உறையைக் கொடுக்காதீர்கள். வரிசை எண், மேகசீன் எத்தனை, தோட்டா எத்தனை என்று எல்லாம் ரசீதில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள்.

திரும்ப வாங்கும்போது அந்த வரிசை எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மேகசீனைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மணல் வாளியை இழுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்து, புதிதாகப் போட்டு, நோட்டில் தேதியை எழுதிவிடுங்கள்.